மூக்கு சொன்ன அளவு

புகை நேராக அவள் முகத்தில் அடித்தது.

மூக்கு எரிந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. இப்படி எரியக் கூடாதே!

புகையிலிருக்கும் நச்சு வாயுவை அளக்கும் மீட்டர் கையில் இருந்தது. அதைப் பார்த்தாள். லாரியின் சைலன்சர் நுனியில் தான் செய்த தகரப் பெட்டியை மாட்டுவதற்கு முன்னால் என்ன காட்டியதோ, மாட்டிய பிறகும் அதையேதான் காட்டியது.

கருமம், மீட்டர்தான் கெட்டிருக்கும். ரிப்பேருக்குப் போய் நேற்றுத்தானே வந்தது.

பட்டறையை விட்டு வெளியே ஓடினாள். வேப்பமரத்தடியில் பிடித்துப் பார்த்தாள். பூஜ்யம். திரும்பி வந்து லாரிக்குப் பின்னால் குனிந்து மறுபடி பிடித்தாள்.

அதே எண்.

மீட்டரில் ஒரு கோளாறும் இல்லை.

அந்தத் தகரப் பெட்டிக்குள் இருந்தது அவள் செய்த சரக்கு. ஜியோலைட் என்று ஒரு எரிமலைக் கல். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் கோடிக்கணக்கில் உண்டு. பொடித்து, இரும்பு உப்புக் கரைசலில் ஊறப்போட்டு, அலசி, காயவைத்து, உலையில் சுட்டெடுத்தால் இரும்பு அந்த ஓட்டைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். புகையில் வருகிற நச்சு வாயு அதன்மேல் பட்டால் சாதாரணக் காற்றாக மாறிப்போகும்.

மாற வேண்டும்.

எல்லாம் அண்ணனுக்காக. அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்து, காலேஜில் பாடம் நடத்துகிற அளவுக்கு ஆளாக்கியவர் நல்லசிவம் அண்ணன்தான். நாமக்கல்லில் லாரி வைத்திருக்கிற ஒருத்தரும் அவரைத் தெரியாது என்று சொல்லமாட்டார்கள். எஞ்சினைத் திறக்கவே மாட்டார். சைலன்சருக்குப் பின்னால் குனிந்து புகையை ஒரு இழு இழுப்பார். நாசலா, பம்பா, ஆயிலா, கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மூக்கு.

அந்த மூக்கு வழியாகத்தான் இருமலும் வந்து சேர்ந்தது. மாடிப்படி ஏறினால் இப்போது பாதியில் உட்கார்ந்துவிடுகிறார். பட்டறைப் பக்கமே போகாதீர்கள் என்றார் டாக்டர். அண்ணன் சிரித்துவிட்டு வந்துவிட்டார்.

அவர் பட்டறையை விடப்போவதில்லை. அப்படியானால் புகையையாவது மாற்றிவிடலாம் என்று இறங்கினாள்.

மீட்டர் ரிப்பேருக்குப் போயிருந்தது. வரட்டும், பொறுத்துப் பார்க்கலாம் என்றாள். அவருக்குப் பொறுக்கவில்லை.

"மீட்டரு எதுக்கம்மணி? என்ற மூக்கு இருக்குதில்ல?"

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் லாரியில் ஏறி ஆக்சிலேட்டரை மிதிப்பாள். அவர் பின்னால் போய் நின்று புகையை இழுப்பார். முதல் வாரம், கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார். அவள் இரும்பைக் கூட்டினாள். அடுத்த வாரம், இன்னும் குறைந்திருக்கிறது என்றார். இன்னும் கூட்டினாள். அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள் என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவள், அந்த மூக்கை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள். நம்பி, ஒவ்வொரு வாரமும் துள்ளினாள்.

போன வாரம் வாசனையே இல்லை என்றார்.

இன்றைக்கு மீட்டரைப் பிடிக்க வேண்டுமே என்று அவள் பின்னால் வந்தாள். அவர் லாரியில் ஏறிக்கொண்டார். இத்தனை வாரத்தில் அந்தப் புகை அவள் முகத்தில் படுவது இதுதான் முதல் தடவை.

எஞ்சினை ஓடவிட்டபடியே அண்ணன் இறங்கி வந்தார். பக்கத்தில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எப்போதோ நகர்ந்து போயிருந்தார்கள். அவர் குனிந்தார். புகைக்குள் முகத்தை வைத்து நெஞ்சு நிறைய இழுத்தார்.

நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா அம்மணி? பச்சத் தண்ணியாட்டம் இருக்குது. ஜெயிச்சுப்புட்ட!"

வாரா வாரம் குறைந்துகொண்டு வந்தது எது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பாவி, ஒவ்வொரு வாரமும் நான்தானே அவரை இந்தப் புகையில் கொண்டுவந்து நிறுத்தினேன்!

மீட்டரைக் கீழே போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"ஏனம்மணி இழுக்கற? நல்ல காத்துத்தான வருது."

இருமினார். இருமி முடிக்கும்வரை அவர் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். கேட்கவும் பயமாக இருந்தது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"அண்ணா, காலைல காப்பி குடிச்சீங்களா? எப்படி இருந்துச்சுங்க?"

அவர் முகத்தைச் சுளித்தார்.

"அத ஏங் கேக்கற. இப்பெல்லாம் உங்கண்ணி காப்பின்னு வெறும் சக்கரத் தண்ணியத்தான் குடுக்கறா. எம்மேல என்ன கோவமோ, தெரியல."