பாபாவுக்கு வந்த அழைப்பு

ரமலான் முதல் வாரம் முழுக்க போனைத் தொடமாட்டேன் என்று ரௌதா சொன்னதும் கணவன் லம்ஜத் சிரித்தான். "நீயா? சோறு தண்ணி இல்லாம இருந்துடுவே, அது இல்லாம இருக்கமாட்டே." வீம்புக்கு அதை அணைத்து, பீரோவில் பூட்டி, சாவியை அவனிடமே கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை, ஸ்ஃபாக்ஸ் நகரின் மறுகோடியில் தனியாக வசித்த அப்பாவைப் பார்க்கப் போனாள். அவர் கூப்பிட்டால் அவள் பெரும்பாலும் எடுப்பதில்லை. கேட்டால், வேலை இருந்தது என்பாள். இந்த வாரம் நிச்சயம் கோபமாக இருப்பார் என்று பயந்துகொண்டே கதவைத் தட்டினாள்.

அவர் முகமெல்லாம் சிரிப்பு. "இப்பல்லாம் தினமும் பேசுறியேம்மா, எனக்கு அதுவே போதும். நேத்து உங்க அம்மாவைப் பத்திப் பேசி நீ அழுதியா, எனக்கும் அழுகை வந்துடுச்சு."

அம்மா இறந்த பிறகு அவரோடு அந்தப் பேச்சையே அவள் எடுத்ததில்லை.

"நான் பேசவே இல்லையே, பாபா. போனைப் பூட்டியில்ல வச்சிருக்கேன்."

"போடி, கிண்டல் பண்ணாதே."

அவள் நோன்பு திறக்க சூப் கிளறிக்கொண்டிருந்தபோது மேஜையில் அவர் போன் அடித்தது. திரையில் ரௌதாவின் பெயர். அவர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"பாபா, கால் வலி தேவலையா?" அவளுடைய குரல்தான். அவளிடம் ஒருநாளும் இல்லாத பரிவு அதில் இருந்தது.

ஏதோ சொல்ல வந்த ரௌதாவைப் பார்த்து, அவர் உதட்டில் விரல் வைத்தார்.

"கொஞ்சம் சும்மா இரும்மா. என் பொண்ணு பேசுறா."

ரௌதா சத்தம் வராமல் கரண்டியைக் கீழே வைத்தாள். அவர்கள் பேசி முடிக்கும்வரை அடுப்பருகில் தலைகுனிந்து நின்றாள்.