தடிமன் டொக்டர்

"வெள்ளிக்கிழமையோட இந்த டிஸ்பென்சரிய மூடிட்டு வாறேன் ஷஸ்னா. இனி என்னால ஏலாது."

டொக்டர் பஸ்னா கைப்பேசியில் பொரிந்து தள்ளினாள். கொழும்பில் இருதய நிபுணராகப் படித்துக்கொண்டிருந்த தோழிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"நான் அப்பவே சொன்னேனே! மேல படிக்க ஏலாதவங்க போற வழி அது. நேத்து என்ன கேஸ் பாத்தே?"

"கொட்டாவி. கூடுதலா வருதாம். மருந்து வேணுமாம்."

"இன்னைக்கு?"

"காது குடைச்சல். வெளிய காத்துக்கிட்டு இருக்கு. ஒரே ஒரு நல்ல கேஸ் வந்தாலாவது இருந்து தொலைப்பேன். சளி, தும்மல்னு இங்க நான் வெறும் தடிமன் டொக்டர்!"

தெரணியகலைப் பாதையில், ரப்பர் தோட்டத்துக்கு எதிரே இருந்த அந்த டிஸ்பென்சரிக்கு அவள் வந்து மூன்று மாதம். முன்னிருந்த டொக்டர் திடீரென்று போய்விட்டார், தோட்டத்துச் சனம் பாவம், ஒரு வருஷம் இருந்து பார் என்று டிஸ்பென்சரியின் சொந்தக்காரரான கபூர் மாமா கெஞ்சியதால் பெரிய மனசு பண்ணி வந்தவள். வந்து பார்த்தால் தும்மல், நகச்சுற்று, தூக்கத்தில் பல் கடிப்பு. கண் முழித்துப் படித்தது இதற்கா? இந்த ஊரில் நோய் என்று சொல்லிக்கொள்ள ஒன்றாவது உண்டா? நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

பேச்சை முடித்துக்கொண்டு, வாசலில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்த மூக்காயியைக் கூப்பிட்டாள். மூக்காயி தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவள்; அங்கேயே லயம் என்னும் வரிசை வீடுகளில் குடியிருப்பவள். பஸ்னா அவள் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள்.

"காதுல ஒண்ணுமே இல்ல, மூக்காயி."

"இல்லீங்களா? அப்ப முதுகைப் பாருங்க டொக்டரம்மா. எதுக்கும் பாத்துடுங்க."

"நான் வெள்ளிக்கிழமை போறேன். இனி எதுன்னாலும் நீங்க டவுனுக்குத்தான் போகணும்."

மூக்காயியின் முகம் சுண்டிவிட்டது. "ஏங்க? நாங்க நாள் தவறாம வந்துக்கிட்டுத்தானே இருக்கோம்?"

பஸ்னா வாயைத் திறக்குமுன் வெளியே டமார் என்று ஒரு சத்தம். த்ரீவீல் ஒன்று டயர் வெடித்து வாசலிலேயே நின்றுவிட்டது. பின் சீட்டில் தோட்டத்து முத்துவீரன். உதடு நீலம் பாய்ந்து, ஒரு வாய் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார்.

பஸ்னா ஓடினாள். "இறக்குங்க! உள்ள கொண்டு வாங்க!"

டிரைவர் ஐயாவு குறுக்கே வந்து நின்றான். "ஒண்ணுமில்லீங்க டொக்டர். மாமாவைச் சும்மா காத்து வாங்க டவுனுக்குக் கூட்டிப் போறேன்."

"காத்தா? அந்த மனுசனுக்கு மூச்சே இல்ல! தள்ளு!"

வந்த நாளிலிருந்து பிரிக்காமல் கிடந்த நெபுலைசர் பெட்டியைக் கிழித்தெடுத்தாள். முகத்தில் மருந்துப் புகை, கையில் ஊசி, பக்கத்தில் ஒட்சிசன். ஆளை விட்டு அவள் அந்தண்டை இந்தண்டை அசையவில்லை. மெல்ல மெல்ல இழுப்பு அடங்கியது. உதட்டில் நிறம் திரும்பியது.

"குடிக்கச் சூடா ஒரு சாயத்தண்ணி கிடைக்குமாங்க?" என்றார் முத்துவீரன்.

பஸ்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மூன்று மாதத்தில் இன்றுதான் தான் ஒரு டொக்டர் என்று அவளுக்கே தோன்றியது. அப்படி ஒரு சந்தோஷம். கோபம் அதற்கப்புறம்தான் வந்தது.

"டவுனுக்கு ஒரு மணித்தியாலம்! வழியிலேயே உசிரு போயிருக்கும். என் வாசலைத் தாண்டி எதுக்குக் கொண்டு போனீங்க? என் மேல நம்பிக்கை இல்லையா?"

ஐயாவு மூக்காயியைப் பார்த்தான். மூக்காயி தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"நம்பிக்கை இல்லாமலாங்க? முன்ன இருந்த டொக்டரும் உங்களாட்டம் சின்ன வயசுதாங்க. பெரிய பெரிய நோயாக் கொண்டாந்து அவரு தலையில கொட்டிட்டோம். பயந்துபோயி ஒரே மாசத்துல ஓடிட்டாரு. நீங்களும் ஓடிடக் கூடாதுன்னு, கோயில்ல கூட்டம் போட்டுப் பேசிக்கிட்டோங்க. பெரிய நோய்னா உங்க கண்ணுல காட்டாம டவுனுக்குக் கொண்டு போயிடணும்னு."

"அப்ப தினமும் இங்க வந்து உக்காருறவங்க?"

"ஆளே வரலைன்னாலும் போயிடுவீங்களேங்க. அதான் லயத்துக்கு ஒரு நாளுன்னு முறை வச்சோம்." மூக்காயி காதைத் தடவிக்கொண்டாள். "இன்னைக்கு எங்க லயத்து முறைங்க."