இருபதுக்கு இருபது

கல்லை அவள் இன்னும் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அதற்குள் இருபது பிள்ளைகளும் கத்திவிட்டார்கள்.

மூழ்கும்.

அடுத்து இலை. மிதக்கும். ஆணி. மூழ்கும். மெழுகுவர்த்தி. மிதக்கும்.

ராகம் போட்டுச் சொன்னார்கள். ஒரு பிள்ளைகூடத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கவில்லை. பையோடு நின்ற அவளையும் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் அங்கன்வாடி டீச்சர் பொற்கொடியின் முகத்தில்தான் இருந்தன.

பரிசோதிக்க வந்திருந்த அதிகாரிக்குப் பரம சந்தோஷம். தாளில் டிக் மேல் டிக் போட்டுக்கொண்டிருந்தார்.

அவளுடைய பதினோரு வருடம். இதற்காகவா?

நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன அறிவியல் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்ட பதினோரு வருடம். எதையும் சொல்லித்தர வேண்டாம். ஒரு தொட்டித் தண்ணீரும் நாலு சாமானும் கொடுங்கள். போட்டுப் பார்க்கட்டும். தப்பாகச் சொல்லட்டும். மறுபடி போடட்டும். அவளுடைய ஆராய்ச்சியே இவ்வளவுதான். முனைவர் பட்டம் வாங்கியது இதற்கு. கல்யாணமான மறுவாரமே அங்கன்வாடித் தரையில் சம்மணம் போட்டுக் குறிப்பெடுத்ததும் இதற்குத்தான்.

இன்று இந்த மனிதர் சரி என்று எழுதினால் ஜூன் மாதம் நானூறு அங்கன்வாடிகளுக்குத் தொட்டி போகும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். துறையில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

பொற்கொடி நைசாகப் பக்கத்தில் வந்தாள்.

"ஒரு வாரமா பழக்கி வச்சிருக்கேன் மேடம். உங்க பேரு கெட்டுடக் கூடாதுல்ல."

கெட்ட எண்ணமாக இருந்தால் கத்தியாவது தீர்க்கலாம். இது பாசம். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிள்ளைகளை எண்ணினாள். இருபது. பதிவேட்டில் இருபத்தொன்று.

தன்ஷிகாவைக் காணோம்.

ஒரே தேங்காய்ச் சிரட்டையைப் பதினெட்டு முறை தண்ணீரில் விட்டவள் அந்தப் பிள்ளை. குப்புற விட்டாள். நிமிர்த்தி விட்டாள். மண்ணை நிரப்பி விட்டாள். போட்டுப் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டாள். அவளைப் பற்றி மட்டுமே இரண்டு நோட்டு நிறைந்திருந்தது.

"தன்ஷிகா எங்க?"

"அது மந்தம் மேடம். எதக் கேட்டாலும் தெரியாதும்பா. இன்னைக்கு அனுப்ப வேணாம்னு அவங்கம்மாட்ட சொல்லிட்டேன்."

போதும்டா சாமி என்றிருந்தது அவளுக்கு.

அதிகாரி கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டார். ஒரு கையெழுத்துதான் பாக்கி. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

"ஒரு பிள்ளை பாக்கி இருக்கு சார்," என்றாள். "கூட்டிட்டு வந்துடறேன்."

பொற்கொடி கையைப் பிடித்து இழுத்தாள். அதை உதறிவிட்டு அவள் போனாள்.

மூன்றாவது வீடுதான். பிள்ளைக்குத் தலைகூட வாரியிருக்கவில்லை. அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

அதிகாரி நல்ல மனநிலையில் இருந்தார். பையிலிருந்து அவரே ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார்.

"சொல்லு பாப்பா. மிதக்குமா, மூழ்குமா?"

மற்ற பிள்ளைகளின் உதடுகள் அசைந்தன. பொற்கொடி கண்ணாலேயே சொல்லிக்கொடுத்துப் பார்த்தாள்.

தன்ஷிகா பழத்தைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள்.

"தெரியாது," என்றாள். "குடு. போட்டுப் பாக்கணும்."

அதிகாரியின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தை அப்படியே விட்டார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

தன்ஷிகாவை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, அவள் அவர் கையிலிருந்த பழத்தை வாங்கினாள்.

தொட்டியைக் கிட்டே இழுத்தாள். பிள்ளையின் தொளதொளத்த சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டாள்.

"இந்தா," என்றாள்.