இன்னொரு சுற்று

குவைத்துக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பும் நாளில் பிள்ளைகள் அழுதால் தன்னால் வாசலைத் தாண்ட முடியாது என்று ரெஜினா சொல்லிவிட்டாள். அதனால்தான் அவள் கணவன் சகாயராஜ் இருவரையும் மிருகக்காட்சி சாலைக்கு அழைத்து வந்திருந்தான். நீர்யானை வாயைப் பிளந்ததும் சின்னவன் ஜோசு கைதட்டிக் குதித்தான். "அம்மாகிட்ட சொல்லணும், வீட்டுக்குப் போலாம்ப்பா." "இரு கண்ணு, இன்னொரு சுற்று பாத்துட்டுப் போவோம்" என்று அவனைத் தோளில் ஏற்றிக்கொண்டான். பார்த்த கூண்டுகளையே மறுபடியும் பார்த்தார்கள். புலி அப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. சாத்தும் நேரமாகிவிட்டது என்று காவலாளி விசில் ஊதிய பிறகும் சகாயராஜுக்குக் கால் நகரவில்லை. ஜோசு தோளிலேயே உறங்கிப்போயிருந்தான். அதுவரை அதிகம் பேசாமல் கூடவே நடந்துவந்த மூத்தவள் மெர்சி, அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா இந்நேரம் ஏரோப்ளேன்ல ஏறியிருப்பாங்களாப்பா?" அவன் அவள் பக்கம் திரும்பினான். "உனக்கு யாரும்மா சொன்னா?" "கட்டிலுக்கடியில பெட்டியப் பாத்தேன். காலைல எனக்குத் தல பின்னும்போது அம்மா அழுதாங்க. நான் திரும்பிப் பாக்கல." பிறகு தம்பியின் காலிலிருந்து நழுவிக்கொண்டிருந்த செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "இவன் முழிச்சா நீங்க ஒண்ணும் சொல்லாதீங்கப்பா. நான் சொல்லிக்கிறேன்."