ஒரு நிமிடக் கேசட்

“கேட்டீங்களா பாலுசாமி? ஓட்டம் ஜாஸ்திங்க. என் பையன் குரலா இது? பள்ளிக்கூடத்துப் புள்ள கூவுற மாதிரி இருக்குது” என்றார் ரசாக்.

கோவை உக்கடத்து ரிப்பேர் கடையில், ரசாக் கொண்டுவந்த டேப் ரெக்கார்டரில், சவூதியின் தம்மாமிலிருந்து வந்த கேசட் ஓடிக்கொண்டிருந்தது. மகன் தல்ஹா கடிதம் எழுதுகிற ரகமில்லை. பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவான்.

“நல்லாத்தானுங்க பாய் இருக்குது. இப்படியே உட்டுருங்க” என்றான் பாலுசாமி. வந்த வேலையை அவன் வேண்டாமென்றது அதுதான் முதல் தடவை.

“உடறதா? போன மாசம் நான் ஜவுளி எடுக்க ஈரோடு போயிருந்தப்ப இந்தக் கேசட் வந்துச்சு. வீட்டுல சாஜிதா ஒருக்காக் கேட்டதோட சரி. நான் போட்டா அடுப்படிக்குப் போயிர்றா. பெத்த பையன் குரல் இப்படிக் கேட்டா யாருக்குத்தானுங்க புடிக்கும்? இன்னைக்குச் சரி பண்ணி அவ முன்னால போடோணும்.”

பாலுசாமி தன் சோதனைக் கேசட்டைப் போட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். சரியாக ஒரு நிமிடம் ஒலிக்க வேண்டிய மணியோசை ஐம்பத்திரண்டு விநாடியில் முடிந்தது. மோட்டாரின் பின்துளையில் ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருகினான். இப்போது அறுபது.

“சரியாப் போச்சுங்க” என்றான், ரசாக்கின் முகத்தைப் பார்க்காமல்.

தல்ஹாவின் கேசட் மறுபடி சுழன்றது. அவன் குரலேதான்.

“நா நல்லா... இருக்கேன் அத்தா. லீவு கேட்டேன்... குடுக்கல. பாஸ்போர்ட்டு... கம்பெனிக்காரங்க கையில...”

வேகத்தில் விளையாட்டாகக் கேட்ட அதே வார்த்தைகள். இப்போது ஒவ்வொன்றுக்கும் மூச்சு வாங்கியது. இருமலை விழுங்கி விழுங்கிப் பேசினான்.

ரசாக் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் கிடக்கிற பிள்ளைக்கு ஒரு வாய் வெந்நீர்கூடக் கொடுக்க முடியாதே.

“பழையபடி வேகமாவே வெச்சுக் குடுத்துருங்க. சாஜிதா இதைக் கேட்டா தாங்க மாட்டா. அவளுக்குத் தெரியவே வேண்டாம்.”

பாலுசாமி ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தான். திருகவில்லை.

“போன மாசம் சாஜிதாக்காவும் இதைக் கொண்டாந்து வேகமா வெக்கச் சொல்லி, உங்களைப் பத்தி இதையேதானுங்க சொன்னாங்க.”