மதலேன் வேஷத்துக்கு மருதாணி

ஆரோக்கியசெல்வம் கொண்டையை அவிழ்த்ததும் இயேசு மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

போன வருஷத்து வாசனை இல்லை. இயேசுவுக்கு நிம்மதி.

பெரிய வெள்ளி மேடையில் இயேசுவாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தது மிக்கேல், ஆரோக்கியசெல்வத்தின் அக்காள் புருஷன். காலடியில் சேலை கட்டி மண்டியிட்டிருந்த ஆரோக்கியசெல்வத்துக்குத் தொழில் தையல். வரதராஜன்பேட்டைக்குத் தெற்கே ஒரு ஊர், பேர் வேண்டாம். அந்த ஊர்ப் பாஸ்கா நாடகத்தில் பதினேழு வருஷமாக அவன்தான் மதலேன் மரியாள். பன்னீர் ஊற்றி இயேசுவின் பாதத்தைக் கழுவி, கூந்தலால் துடைக்க வேண்டும். சொந்தக் கூந்தல். அதற்கென்றே இடுப்புக்குக் கீழே வளர்த்திருந்தான்.

வளர்த்தது அவன். கொட்டியது அதுவாக.

வருஷாவருஷம் முடி குறையக் குறைய, அவன் குனிவது கூடிக்கொண்டே போனது. என்ன தாழ்ச்சி, என்ன தாழ்ச்சி என்று சனம் கண்ணைத் துடைத்தது. தாழ்ச்சியெல்லாம் ஒன்றும் கிடையாது. எட்டவில்லை.

நாடகக் கமிட்டி மட்டும் அழவில்லை. திருச்சியிலிருந்து ஒரு டோப்பா வாங்கி வைத்துவிட்டது. இந்த வருஷம் முடி பாதத்தை மூடாவிட்டால், அடுத்த வருஷம் டோப்பா எவன் தலைக்குப் பொருந்துகிறதோ அவன் மதலேன்.

ஹைஸ்கூல் சயின்ஸ் வாத்தியார் போன வருஷமே ஒரு வழி சொல்லியிருந்தார். "முடிங்கிறதே புரோட்டீன்தாம்ப்பா. முட்டையும் புரோட்டீன். தடவிப் பாரு, அரியலூர் சிமெண்ட் மாதிரி அப்பிக்கும்."

அப்பிக்கத்தான் செய்தது. எட்டு முட்டையைத் தேய்த்து ஊறவைத்து, வெந்நீரில் அலசினான். தலையிலேயே வெந்துவிட்டது. மேடையில் முடியை உதறியதும் இயேசுவின் பாதத்தில் பொலபொலவென்று ஆம்லெட் உதிர்ந்தது. நாற்பது நாளாகக் கவிச்சி தொடாத இயேசுவுக்கு எச்சில் ஊறி, வசனம் வரவில்லை. அந்த மௌனத்துக்கும் சனம் அழுதது.

பங்குச் சாமியாருக்கு மட்டும் மூக்கு நன்றாக வேலை செய்தது. தவக்காலத்தில் முட்டை வாய்க்கும் ஆகாது, தலைக்கும் ஆகாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஆகவே மருதாணி.

யோசனை அக்கா மரிய புஷ்பத்துடையது. கொல்லைச் செடியில் ஒரு முறம் இலை உருவி, அம்மியில் அவளே அரைத்தாள். எலுமிச்சம்பழம் பிழிந்தாள். கிராம்பு போட்டுக் காய்ச்சிய தண்ணீர் விட்டாள். நீலகிரித் தைலம் நாலு சொட்டு. கல்யாணப் பெண் கைக்குத்தான் இவ்வளவு பக்குவம் பார்ப்பார்கள்.

"முடிக்கு எதுக்குக்கா தைலமெல்லாம்?"

"வேர் புடிக்கும்டா. அலசாம அப்பிடியே கொண்டை போட்டுக்க, ஈரமா இருந்தாத்தான் அடர்த்தியாத் தெரியும். பாட்டைப் பாதியில நிறுத்திப்புடாத. இந்த வருஷம் எல்லாச் சரணத்தையும் பாடிப்புடு."

கூடப்பிறந்தவளுக்கு எவ்வளவு அக்கறை என்று அவனுக்குக் கண் கலங்கியது.

அவள் சொன்னது பலித்தது. விழுதோடு சேர்ந்து முடி கயிறு கயிறாகத் திரண்டு, இயேசுவின் இரண்டு பாதத்தையும் கணுக்கால்வரை மூடிவிட்டது. முன்வரிசையில் கமிட்டித் தலைவர் வாயைப் பிளந்தார்.

பன்னிரண்டு சரணம். அரைமணி நேரம். பாதத்தைக் கூந்தலால் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஆரோக்கியசெல்வம் பாடித் தீர்த்தான்.

துடைத்து நிமிர்ந்தபோதுதான் பார்த்தான். இயேசுவின் பாதம் பழுத்த பூவரச இலை மாதிரி மஞ்சளாக இருந்தது. நல்லவேளை, வேறு யார் கண்ணிலும் படவில்லை.

மருதாணிக்கு ஒரு குணம். முதல் நாள் மஞ்சள்தான். சிவப்பு மூன்றாம் நாள்தான் ஏறும்.

மூன்றாம் நாள் ஈஸ்டர்.

மிக்கேல் தவக்காலம் முழுக்கச் செருப்புப் போட மாட்டான், சாராயம் தொட மாட்டான். அரசாங்கம் சாராயக் கடை திறந்து மூன்று வருஷமாகிறது. மூன்று வருஷமும் ஈஸ்டர் பூசை முடிந்த கையோடு ஆண்டிமடம் ரோட்டுக் கடைக்குப் போனவன்தான். அதற்கப்புறம் அடுத்த தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன்வரை அந்த வீட்டில் சட்டி பானையும் தப்பாது, மரிய புஷ்பத்தின் முதுகும் தப்பாது.

இந்த வருஷமும் போனான். கிளாஸை நீட்ட வந்த கடைக்காரர் சிங்காரவேலு, காலைப் பார்த்தார். இரண்டு பாதத்திலும், சிலுவையில் ஆணி அறைந்த மாதிரி, ரத்தச் சிவப்பு. மிக்கேலே அப்போதுதான் குனிந்து பார்த்தான்.

சிங்காரவேலு கிளாஸைக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றினார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாமி, நீங்க இங்கெல்லாம் வரப்படாதுங்க."

குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். எழ முடியாதவர்கள் படுத்தபடியே கும்பிட்டார்கள். மிக்கேல் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கடையிலிருந்து நேர்க்கோட்டில் நடந்து வீடு வந்தான். வழியெல்லாம் சனம் காலில் விழுந்தது.

மத்தியானம் அவன் கயிற்றுக் கட்டிலில் குப்புறக் கிடந்தான், ஒரு சொட்டுகூடக் குடிக்காமல். கமிட்டி டோப்பாவைத் திருச்சிக்கே திருப்பி அனுப்பிவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய ஆரோக்கியசெல்வம் உள்ளே வரப் பயந்து வாசற்படியிலேயே நின்றான்.

"மாதா சத்தியமா நான் வேணும்னு பண்ணலக்கா."

மரிய புஷ்பம் கட்டிலோரம் குனிந்து, புருஷனின் பாதங்களைத் துணிக்கடையில் சேலை பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"குதிகால்ல சரியா ஏறல பாரு," என்றாள். "இன்னும் ரெண்டு சரணம் பாடியிருந்தா என்னடா?"