உச்சிப்பொழுதுக்கு அப்புறம்

போன ஐப்பசியில் போடிமெட்டு ரோட்டில் மண் சரிந்து, ஏலத்தோட்டத்துக்குப் போன ஜீப்பைக் கொண்டுபோனது. அதில் போன பேச்சிமுத்துவின் உடம்பு மட்டும் கிடைக்கவில்லை. அவன் பெண்டாட்டி மாயக்காள் இன்றைக்கும் மூன்று பேருக்குத்தான் சோறாக்குகிறாள்.

சித்திரையில் ஒரு நாள் பள்ளிக்கூடம் லீவு என்று மகள் அனுசியாவும் மிளகுக் களத்துக்குக் கூட வந்தாள்.

"இன்னைக்கு உச்சிக்குச் சூரியன் நேரா தலைக்கு மேல வரும்மா. நிழலே விழாது. வருசத்துல ரெண்டு தடவதான் இப்படி."

அப்படியே ஆனது. களத்துக் கம்பத்துக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் அவர்களுக்கும் நிழல் இல்லை.

பிறகு சூரியன் மேற்கே சாய்ந்தது. எல்லா நிழல்களும் கிழக்கே, ஊரைப் பார்த்து நீண்டன. மாயக்காளின் நிழல் மட்டும் மேற்கே, போடிமெட்டு மலையைப் பார்த்து நீண்டது. இடம் மாறி நின்று பார்த்தாள். அது திரும்பவில்லை. அனுசியாவும் பார்த்தாள், பாடத்தில் இது கிடையாது. மாயக்காள் மிளகைக் கிளறினாள்.

சாயங்காலத்துக்குள் அவள் நிழல் களத்தின் மேற்குச் சுவரில் ஏறி அந்தப் பக்கம் இறங்கியிருந்தது.

"வெரசா வாம்மா, வீட்டுக்குப் போவோம்."

மாயக்காள் தூக்குவாளியை மகள் கையில் கொடுத்துவிட்டு, நிழல் போன பக்கம் திரும்பினாள்.

"நீ போ ஆத்தா. இன்னைக்கு ஒலையில ஒனக்கு மட்டும் அரிசி போடு."